‘மருந்து எடுத்தாச்சு’ என்று மூன்று முறை எழுதிய பதிவேடு

அனுப்புநர்
க. பங்காரம்மாள், வயது 67,
காலஞ்சென்ற கஜபதியின் மனைவி,
மலையடிவாரக் கல்யாண மண்டபத்தில் துப்புரவு வேலை,
திருத்தணி.
(வீட்டு விலாசம் எழுதவில்லை. காரணம் 2-ல் உள்ளது.)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.
(அவர் கையில் மட்டும் கொடுக்கவும்.)

பொருள்: என் மருமகள் விழுங்காத மாத்திரையை விழுங்கியதாக மாத்திரை மையத்தின் பதிவேட்டில் மூன்று முறை எழுதியிருப்பதைத் திருத்தவும், அவளுக்குத் துணை ஆள் என்று எழுதியுள்ள பெயரை மாற்றவும், 12.06.2025-க்கு முன்பாக உத்தரவு வேண்டுதல் – சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் போகாமல் இதை நானே ஒன்பது நாளாக எழுதிவருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மனு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவனுக்கும் காது இருக்கிறது. இதில் உள்ள விஷயம் அப்படிப்பட்டது. ஆகவே திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதை வாய்விட்டுப் படிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். 2009-ம் வருடம் என் மகனுக்குப் பெண் தர மாட்டோம் என்று வந்த கார்டு, என் கைக்கு வருவதற்கு முன்பே தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. கொண்டுவந்த தபால்காரர் பூபாலன் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் நான் மறக்கவில்லை. அதேபோல, ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று முத்திரை குத்தி, யார் மேல் புகாரோ அவர்களிடமே இந்த மனுவை அனுப்பிவிட வேண்டாம். 2021-ல் சாக்கடை அடைப்புக்காக நான் கொடுத்த மனு அப்படித்தான் போயிற்று. யாரைப் பற்றி எழுதினேனோ அவரே அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். இந்த முறை அப்படி ஒருவர் வந்து நின்றால், இரண்டு பெண்களும் ஒரு சின்னப் பெண்ணும் இந்த ஊரில் குடியிருக்க முடியாது. மாத்திரை மையத்தின் பெயரையும் இதனால்தான் எழுதவில்லை. நேரில் கேட்டால் சொல்வேன்.

3. நோயின் பெயரை இந்தத் தாளில் ஒரே ஒரு முறை எழுதுகிறேன். எச்.ஐ.வி. என் மகன் தீனதயாளன் 2018 ஐப்பசி மாதம் அதில் இறந்தான். அவன் படுக்கையில் இருந்தபோது ரத்தம் சோதித்ததில் என் மருமகளுக்கும் இருப்பது தெரிந்தது. பேத்திக்கு இல்லை. மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று விசாரிக்க வருகிறவர்கள் கேட்க வேண்டாம். அதைக் கேட்டு நான் போதுமான அளவு சண்டை போட்டுவிட்டேன்.

4. மருமகளை மையத்தில் பதிவு செய்த அன்று நான் வார்டில் மகன் பக்கத்தில் இருந்தேன். அவளோடு போனது அவளுடைய அண்ணன் சிங்காரம். பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருப்பவர். ‘துணை ஆள்’ என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டு, தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். ஏழு வருடமாக அதுதான் இருக்கிறது. ஒரே ஒரு நாள் வந்தவர் துணை ஆள். தினமும் கூட இருக்கிற எனக்கு மையத்தில் உள்ளே போக அனுமதி இல்லை. வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

இந்தச் சிங்காரத்தை எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஆவணி மாதம் என் மகன் கல்யாணம் நான் வேலை செய்கிற மண்டபத்திலேயே நடந்தது. பெண் வீட்டார் வந்து இறங்கியதும் இவர் எல்லார் காதும் கேட்க, “மாப்ளயோட அம்மா தொடப்பத்த வச்சிட்டு வந்துகினாங்களா, இல்ல கையோட கொண்ணாந்துகினாங்களா?” என்று கேட்டார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் பெயர் சொல்வேன். என் மருமகளும் தலையைக் குனிந்தபடி சிரித்தாள். முதல் தீபாவளிக்கு நான் போட்ட மூக்குத்தியையும் அவள் கழற்றி அண்ணிக்குக் கொடுத்துவிட்டாள். இவை மனுவுக்குத் தேவை இல்லை என்றால் அடித்துவிடலாம். ஆனால் எனக்கு அவள் மேல் பட்சபாதம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

5. இப்படிப்பட்ட நாங்கள் இருவரும்தான் ஆறு வருடத்துக்கு மேல் ஒரு நாள் கூடத் தவறாமல் மாத்திரையை நடத்தி வந்தோம். சாயங்காலம் ஆறரை மணி, விளக்கு வைக்கிற நேரம். அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். ஆரம்பத்தில் ஒரு முறை கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்பியவள் அவள். அதைக் கண்டுபிடித்தவள் நான். அதற்காக அவள் என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. பேசாமலே நாக்கைக் காட்டினாள்.

முகூர்த்த நாட்களில் எனக்கு மண்டபத்திலேயே பொழுது போய்விடும். சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பேருக்கு நடுவில் நின்று மாத்திரை போட்டாயா என்று போனில் கேட்க முடியாது. ஆகவே “விளக்கு வச்சியா?” என்று கேட்பேன். அவள் “வச்சாச்சு அத்தே” என்பாள். அதற்கு அர்த்தம் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். என் பேத்திக்கும் தெரியாது. மாமியார் ஏன் இப்படி விளக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று மண்டபத்தில் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவள் ரத்தத்தில் கிருமி இருக்கிற தடயமே தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று வருடா வருடம் சொன்னார்கள்.

6. இந்த வருடம் ஜனவரி 16-ம் தேதி, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், எனக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தது. காரணம் ஒரு பாத்திரம். சண்டையில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். என் மகன் சாவைப் பற்றியது. அந்த வார்த்தையை இங்கு எழுத மாட்டேன். அவள் குழந்தையையும், பத்து நாள் முன்பு மையத்தில் கொடுத்திருந்த மூன்று டப்பா மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். டப்பாவுக்கு முப்பது, ஒரு டப்பா பிரித்தது.

7. அங்கே பத்து நாள் அவளாகவே மாத்திரை போட்டிருக்கிறாள். 26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை சிங்காரம் அவளை ஆந்திர எல்லையைத் தாண்டி ஒரு ஊருக்கு, மருந்து எடுக்கிற ஆளிடம் கூட்டிப்போனார். தாங்கள் படித்தவர் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் யாருக்காவது உடம்பு தேறவில்லை என்றால், வேண்டாதவர்கள் சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். அதை வெளியே எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பச்சிலைச் சாற்றைக் குடிக்கவைத்து வாந்தி எடுக்கச் செய்து, மயிர் சுருட்டிய ஒரு உருண்டையை வாழை இலையில் காட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் மருந்து எடுப்பது.

அந்த ஆள் இலையைக் காட்டி, “அத்த பெட்டிந்தி” என்றானாம். தெலுங்கு எனக்கும் தெரியும். மாமியார் வைத்தது என்று அர்த்தம். ஆறு வருடமாகத் தினமும் நான் என் கையால் எடுத்துக் கொடுத்த மாத்திரை, நான் வைத்த மருந்து ஆகிவிட்டது. இனி தொண்ணூறு நாள் வேறு எந்த மாத்திரையும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். சிங்காரம் வீட்டுக்கு வந்து கைக்குக் கிடைத்த இரண்டு டப்பாவைச் சாய வாய்க்காலில் கொட்டினார். மூன்றாவது டப்பாவை அவள் அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டாள். ஏன் புதைத்தாய், விழுங்காத மாத்திரையை எதற்கு ஒளித்தாய் என்று கேட்டேன். தெரியவில்லை அத்தே என்றாள். இதற்கு மட்டும் நான் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

8. இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். மையத்திலிருந்து மாதம் ஒரு முறை துணை ஆளுக்குப் போன் வரும். பிப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 1 ஆகிய தேதிகளில் போன் செய்தது அங்கே ஆலோசனை சொல்கிற ஜெபகுமாரி அம்மா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். “மருந்து எடுத்தாச்சா?” என்று கேட்டிருக்கிறார். சிங்காரம், “ஆங், எடுத்தாச்சும்மா” என்றிருக்கிறார். இரண்டாவது முறை, “வேரோட எடுத்தாச்சு, இனிமே ஒண்ணும் பயமில்ல” என்றும் சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் பதிவேட்டில் ‘மருந்து எடுத்தாச்சு, ஒழுங்காக உள்ளது’ என்று எழுதி ‘சரி’ போட்டிருக்கிறார்கள்.

ஐயா, எங்கள் ஊரில் யாரும் மாத்திரையை எடுக்க மாட்டார்கள். மாத்திரை போடுவோம், முழுங்குவோம், சாப்பிடுவோம். எடுப்பது என்றால் மேலே 7-ல் சொன்னதுதான். அப்படியே வைத்துக்கொண்டாலும், வேரோடு எடுத்தாச்சு என்று ஒருவர் சொன்னால், எந்த மாத்திரைக்கு வேர் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

9. இந்த இடத்தில் நான் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் மனுவில் ஓட்டை இருந்தால் அதை முதலில் கண்டுபிடிக்கிறவர் சிங்காரமாகத்தான் இருப்பார். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் போன பிறகு நானும் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். பிப்ரவரி 10, மார்ச் 14. சண்டை நடந்த அன்றிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. அண்ணன் நம்பருக்குத்தான் செய்தேன். இரண்டு முறையும் சிங்காரத்தின் சம்சாரம் எடுத்தாள். மருமகளைக் கூப்பிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலில் அவள்தான் பேச வேண்டும் என்று இருந்தேன். “அங்க விளக்கு வச்சாச்சான்னு கேளு” என்று மட்டும் சொன்னேன். சிங்காரத்தின் சம்சாரமே, “இன்னா சம்பந்தி, மணி ஏழாவுது, வக்காம இருப்பமா? வச்சாச்சு” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சரி என்று வைத்துவிட்டேன். அவர்கள் வீட்டு விளக்கை அவர்கள் வைத்தார்கள். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆக அவரவர் பாஷையில் கேட்டு அவரவர் ஏமாந்தோம். ஜெபகுமாரி அம்மா மூன்று முறை, நான் இரண்டு முறை.

10. ஏப்ரல் 4-ம் தேதி சாயங்காலம் மருமகள் திரும்பி வந்தாள். பாதி ஆளாக இருந்தாள். விடாத இருமல். அறுபத்தெட்டு நாள் மாத்திரை இல்லை என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். பையில் அந்த மூன்றாவது டப்பா சீல் பிரிக்காமல் இருந்தது. சிங்காரத்துக்கு எதிராக என் கையில் கிடைத்த ஒரே சாட்சி அது. சீலோடு அப்படியே எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் மணி ஆறரை ஆகிவிட்டது. உடைத்துவிட்டேன். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அந்த டப்பா, பிய்த்த சீல், அதில் மிச்சம் உள்ள இருபத்தேழு மாத்திரை ஆகியவை என்னிடம் உள்ளன. மூன்று நாளில் மையத்தில் புது டப்பா வாங்கிவிட்டோம். பழையதைக் காட்டச் சொன்னால் காட்டுவேன். யாரிடமும் கொடுத்துவிட்டு வர மாட்டேன்.

11. ஏப்ரலில் எடுத்த ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று மே 5-ம் தேதி சொன்னார்கள். பதிவேட்டைப் பார்த்து, ஒழுங்காக மாத்திரை போட்டும் கிருமி ஏறினால் மாத்திரைக்குச் சக்தி போய்விட்டது என்று அர்த்தம், மேல் டாக்டரிடம் எழுதி அடுத்த வகை மாத்திரைக்கு மாற்றுவது பற்றி ஜூன் 12-ம் தேதி முடிவு செய்வோம் என்றிருக்கிறார்கள். மாத்திரை மேல் பழி. விழுங்காத மாத்திரை எப்படி வேலை செய்யும்? என் மருமகள் அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று ஜெபகுமாரி அம்மா வாசலுக்கு வந்து, “போன் பண்ணினப்ப எல்லாம் எடுத்தாச்சு எடுத்தாச்சுன்னுதான பாட்டி சொன்னாங்க?” என்று என்னிடம் வருத்தப்பட்டார். அப்போதுதான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. அந்தப் பெண்ணை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. சிரித்துச் சிரித்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. சிங்காரத்தோடு இவரும் கூட்டு என்றுதான் நினைத்தேன். அங்கேயே நிற்கவைத்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். மருந்து எடுப்பது என்றால் என்ன என்று நான் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. “டிரெய்னிங்ல அப்படித்தான் கேக்கச் சொல்லிக் கொடுத்தாங்க பாட்டி” என்றார். உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஏழு வருடத்தில் அந்த வாசலில் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி. அதனால் அவர் மேல் எனக்கு இருந்த சந்தேகத்தில் பாதியை விட்டுவிட்டேன். மீதியை விடவில்லை. ஏனென்றால், பதிவேட்டில் திருத்தத் தனக்கு அதிகாரம் இல்லை, துணை ஆளை மாற்ற அந்தத் துணை ஆளே வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். சிங்காரம் வந்து எழுதித் தருவாரா?

12. சிங்காரத்தைப் பற்றி ஒன்று. தன் தங்கைக்கு இந்த நோய் என்பதை அவர் ஏழு வருடமாக நம்பவே இல்லை. நோய் இல்லை, மாமியார் வைத்த மருந்து என்றால் எடுத்துப் போட்டுவிடலாம், அதோடு முடிந்தது. அப்படி நம்பத்தான் அவருக்கு ஆசை. அவள் வாந்தி எடுத்துத் துவண்டபோது, பஸ் நிற்கிற இடம் வரை தூக்கிக்கொண்டு வந்தாராம். தங்கை மேல் பாசம் இல்லாதவர் என்று நான் எழுதினால் பொய் மனு ஆகிவிடும். ஆனால் போனில் மருந்து எடுத்தாச்சா என்று கேட்டது எந்த மருந்தை என்று மூன்று முறையும் அவருக்குத் தெரியவே தெரியாதா? இதை விசாரிக்க வேண்டும். வாய் தவறிப்போனது என்று எல்லாவற்றையும் நம்பிவிட என்னால் முடியாது.

13. ஆகவே நான் கேட்பது:

அ. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதப் பதிவுகளை அடித்து, ‘ஜனவரி 26 முதல் ஏப்ரல் 3 வரை மாத்திரை போடவில்லை’ என்று எழுதச் சொல்ல வேண்டும். ஜூன் 12-ம் தேதி முடிவு செய்கிற டாக்டர் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றட்டும். உண்மையைப் பார்த்து மாற்றட்டும்.

ஆ. எங்கள் பக்கத்து ஆட்களிடம் ‘மருந்து எடுத்தாச்சா’ என்று கேட்கக் கூடாது. ‘மாத்திரை முழுங்கினியா, டப்பாவுல எத்தனை மிச்சம்’ என்று கேட்க வேண்டும். எண்ணிக்கை கேட்டால் யாராலும் வேறு அர்த்தம் சொல்ல முடியாது.

இ. துணை ஆள் என்ற இடத்தில் சிங்காரத்தின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். ரத்த சொந்தம் இல்லையே என்று கேட்டால், இல்லைதான்.

ஈ. இதுவே முக்கியம். போன் எனக்கும் வர வேண்டாம், சிங்காரத்துக்கும் போக வேண்டாம். என் மருமகளுக்கே வரட்டும். எனக்கு அறுபத்தேழு வயது, மாத்திரை அவள் ஆயுசுக்கும் உண்டு. நான் இல்லாத அன்றும் ஆறரை மணி ஆகும். அண்ணன் என்ன சொன்னான், மாமியார் என்ன சொன்னாள் என்று எழுதாமல், அவள் சொல்வதை எழுதட்டும். நான் சுலபமாக யாரையும் நம்புகிறவள் இல்லை என்பது இந்த மனுவைப் படித்தாலே தெரியும். அரிசிக்குள் டப்பாவைப் புதைத்தவள் அவள். அவள் பேச்சை நம்பலாம் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. மனு கிடைத்தது என்று தேதி போட்டு ரசீது கொடுக்கவும். ரசீது வாங்காமல் போக மாட்டேன். உத்தரவு வரும் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவேன். தாங்கள் இதை மனதில் வைத்து, ஒரு பெண்ணின் உயிரும் அவள் பெற்ற பெண்ணின் படிப்பும் சம்பந்தப்பட்டது என்று கருதி, 12-ம் தேதிக்குள் ஒரு வரி எழுதிக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திருத்தணி
நாள்: 02.06.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
க. பங்காரம்மாள்

இணைப்பு: மையத்தின் அட்டை நகல் (மூடிய உறையில்). மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டு, ஒன்று. பிய்த்த சீல் இணைக்கப்படவில்லை, என்னிடமே இருக்கிறது.

ஐயா,

மேலே சொல்லியிருக்கும் மருமகள் நான்தான். பெயர் வேண்டாம் என்று அத்தை எழுதாமல் விட்டார்கள். நானே எழுதுகிறேன். 4-ல் சொல்லியுள்ளபடி மூக்குத்தியை நான் அண்ணிக்குக் கொடுக்கவில்லை, தொலைந்துதான் போயிற்று. மற்றவை உண்மை. 6-ல் எழுதாமல் விட்ட வார்த்தை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்காக நான் யாரிடமும் மனு கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

என் போன் நம்பரை உறையில் வைத்திருக்கிறேன். டப்பாவில் இன்றைக்கு எத்தனை மிச்சம் என்று என்னையே கேட்கலாம்.

அத்தை இதை நேற்று சாயங்காலம் எழுதி முடிக்கும்போது மணி ஆறரை. விளக்கு வைத்தாயிற்று.

தீ. சுதா